இராத் தங்க இடம் எங்கே?

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் கால்நடையாக ஊர் சுற்றப் புறப்படும் வழக்கம் நம் வாலிபரிடையே வளர்ந்து வருகிறது. இறங்கிய இடமெல்லாம் படம் பிடித்துக்கொண்டு, கண்டது இன்னதென்று அறியாமலே வீடு திரும்பும் உல்லாசப் பிரயாணத்தைக் காட்டிலும் இது எவ்வளவோ மேலானது. தேசத்தைக் காலால் அளந்தவனுக்கே தேசம் இன்னதென்று விளங்கும். ஆகவே இவ்வழக்கத்தை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

பூம்புகாரிலிருந்து கோடிக்கரை வரையில் சோழ நாட்டுக் கடற்கரையை நடந்து பார்க்க உத்தேசித்துள்ள நண்பர்கள் சிலர் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார்கள். “நடப்பதைப் பற்றிக் கவலையில்லை. இராத் தங்குவதற்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது? என்ன மாதிரியான இடத்தைத் தேர்ந்தெடுப்பது?” என்பதே அவர்கள் கேள்வி. கேட்பதற்கு இது அற்பமான கேள்வியாகத் தோன்றும். பத்திரிகையின் தலையங்கப் பத்தியில் எழுதவேண்டிய விஷயமா இது என்று சிலர் நகைக்கவும் கூடும். நகைப்பவர்கள் நகைக்கட்டும். ஒரு மனிதன் பகலில் எங்கே நடக்கிறான் என்பதைக் கொண்டு அவனுடைய கால்களின் வலிமையை அறியலாம். இரவில் யார் வீட்டுக் கூரையின் கீழ் படுக்கிறான் என்பதைக் கொண்டே அவனுடைய தேசபக்தியை அறியலாம் என்பது நமது அபிப்பிராயம்.

இதை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இதே கடற்கரையில், இதே கேள்வி, ஒரு சர்க்காரையே கலங்க அடித்ததுண்டு. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்தை நோக்கிப் புறப்பட்டார். தூரம் ஏறக்குறைய 150 மைல். நாள் பதினைந்து. நாமக்கல் கவிஞர் இயற்றிய வழிநடைப் பாட்டைப் பாடிக்கொண்டு தொண்டர்கள் நடந்தார்கள். தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் துரை அவர்களுடைய நடையைத் தடுக்கவில்லை. அவர்களுடைய இராத் தங்கலைத் தடுக்க முயன்றார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் இந்தியன் பீனல் கோடு 157-வது பிரிவின்படி ஆறு மாதச் சிறைவாசத்துக்கு உள்ளாவார்கள் என்று ஜில்லா முழுவதும் எச்சரிக்கை செய்தார். இடம் கிடைக்காவிட்டால் நடை தானே நின்றுவிடும் என்பது துரையின் கணக்கு.

துரை கணக்கில் கெட்டிக்காரராக இருக்கலாம். தஞ்சாவூர் ஜில்லாக் குடியானவனை அவர் அறியவில்லை. வாசலில் வரவேற்க முடியாத இடங்களில் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தைரியமாக வாசற்கதவைத் திறந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். ஏப்ரல் 28-ந் தேதி தொண்டர்கள் வேதாரண்யத்தை அடைந்தார்கள். அங்கே அவர்களை ஆதரித்த சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்தார். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார். தம்மிடம் முகக்ஷவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று அறிந்ததும் பாதியிலே கத்தியை மடக்கி வைத்துச் சிறை சென்ற வைரப்பனை வேதாரண்யம் இன்றும் மறக்கவில்லை. அவருக்கு அங்கே நினைவுத் தூண் நிற்கிறது. உப்பு அள்ளியவர்களின் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. இடம் கொடுத்தவர்களில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அவர்கள் இல்லாவிட்டால் அந்த நடை தஞ்சாவூர் எல்லையைத் தாண்டியிராது.

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது இந்தப் பிரதேசத்துக்கு 1930-ல் வந்த புதுப்பழக்கமன்று. இராமேசுவர யாத்திரீகர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தது. இன்றைக்கும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவியுடுத்திக் கால்நடையாகப் போகிறவர்களுக்கு வழியிலுள்ளோர் தண்ணீரும் சோறும் அளிக்கிறார்கள். இன்ன மதத்தினர் என்று கேட்டு அளிப்பதில்லை. நாகூர்க் கந்தூரிக்கு நடந்து போகிறவர்களில் இந்துக்களும் உண்டு. நடந்து வருகிறவனிடம் இந்நாட்டு மக்களுக்கு இயல்பாகவே ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைக்குப் பாத்திரமாக நடந்துகொள்ளும் இடத்தில் தங்கவேண்டும் என்பதுதான் நம் வாதத்தின் சாரம்.

இனி வழியின் தன்மையைச் சற்றுக் கவனிப்போம். பூம்புகாரிலிருந்து கோடிக்கரைக்குக் கடலோரமாகச் சுமார் 100 கிலோமீட்டர் இருக்கும். மலை இல்லை, பாறை இல்லை, மணலும் சவுக்குத் தோப்பும் பனையும்தான். எனவே மேப்பில் ஒரு கோடு கிழித்து, நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் வீதம் ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்று பட்டணத்து வாலிபர் எண்ணுவது சகஜம். அது பிரமை. இது காவிரி கடலில் கலக்கும் நாடு. காவிரி ஒரு வாயால் கலக்கவில்லை. பல வாய்களால் கலக்கிறது. பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே வெள்ளையாறு என்று வழி நெடுகக் கழிமுகங்கள் குறுக்கிடுகின்றன. கோடையில் முழங்கால் ஆழத்தில் தாண்டிய இடம் ஐப்பசி மழைக்குப் பின் ஆளை இழுத்துக்கொண்டு போகும். மணல் திட்டு வருஷத்துக்கு ஒரு பக்கம் நகரும். எங்கே தாண்டலாம், எங்கே பாலத்துக்குச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதைக் கைப்பேசியிலுள்ள படம் சொல்லாது; அன்று விடியற்காலையில் வலை இழுத்து வந்தவர் சொல்வார்.

தங்குமிடத்துக்கும் உயிருக்கும் உள்ள சம்பந்தம் இதிலிருந்தே விளங்கும். ஊருக்கு வெளியே மதில் சூழ்ந்த விடுதியில் குளிர்ந்த அறைக்குள் படுத்து எழுந்து வருகிறவனுக்கு இந்தச் செய்தி கிட்டாது. ஊருக்குள் தங்குகிறவனுக்கு அது காப்பியோடு சேர்ந்து வரும். காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, கடல் ஏன் இன்று கலங்கியிருக்கிறது, புயல் கூண்டு எத்தனையாம் எண் ஏறியிருக்கிறது என்பவற்றை வீட்டுக்காரர் கேட்காமலே சொல்வார். 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலைக் கண்டவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் சுனாமி வந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் கொண்டுபோனதைக் கண்டவர்களும் அவர்களே. அவர்கள் “இன்று போகவேண்டாம்” என்று சொன்னால் போகாதிருப்பதே விவேகம்.

ஊர்களை இப்போது வரிசையாகப் பார்ப்போம். பூம்புகார் சோழர் துறைமுகமாக இருந்த பட்டினம். 1973-ல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் அங்கே இருக்கிறது. பார்ப்பதற்கு அவசியமான ஊர். நடைக்கு ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வந்து பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது தரங்கம்பாடி. வடபாதி நடைக்குத் தங்குமிடம் இதுவே என்பது நமது முடிவு. டேனிஷ்காரர் 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இவ்வூரில்தான். 1845-ல் டேனிஷ்காரர் இந்த ஊரை இங்கிலீஷ்காரருக்கு விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரையும் ஊர் ஜனங்களையும் கத்தரிக்காய் போல் விலை பேசிய அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு அக்கோட்டை மதிலில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பது வாலிபர்களுக்கு நல்ல பாடம். அலைகள் பெரும்பகுதியை அரித்துக்கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது.

தரங்கம்பாடியில் பழைய மாளிகைகளைப் புதுப்பித்து நடத்தும் உயர்தர விடுதியும் உண்டு. சாதாரண அறைகளும் உண்டு. கையில் பணமுள்ளவர்கள் முதலாவதில் தங்குவதை நாம் குறை சொல்லவில்லை. இடிந்து விழ இருந்த கட்டடம் நிலைபெறுவதும், ஊராருக்கு அங்கே வேலை கிடைப்பதும் நன்மையே. ஆனால் எவ்விடத்தில் தங்கினாலும் ஊர்த் தெருவில் நடந்து, ஊர்க் கடையில் சாப்பிட்டு, ஊராரோடு பேசவேண்டும். வடக்கே பூம்புகாரை நோக்கி ஒரு நாள்; தெற்கே காரைக்காலை நோக்கி ஒரு நாள்; ஊரையும் அக்கம்பக்கத்து மீனவக் கிராமங்களையும் பார்க்க ஒரு நாள்; ஆக மூன்று இரவுகள் அங்கே தங்கலாம். காரைக்கால் 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் கொடியின் கீழ் இருந்தது. அம்மையார் பிறந்த அவ்வூருக்குப் போய் வருவது எளிது.

நடுவே உள்ளது நாகப்பட்டினம். பெரிய ஊர். ரெயிலும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் உண்டு. வயது சென்றவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் இதையே தங்குமிடமாகக் கொண்டு, வடக்கே நாகூர் தர்காவுக்கும் தெற்கே வேளாங்கண்ணிக்கும் சிறு நடைகள் போய் வரலாம். வேளாங்கண்ணியில் இப்பிரதேசத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அறைகள் உண்டு. மற்றக் காலங்களில் அங்கே இடம் கிடைப்பது சிரமமன்று. திருவிழாக் காலத்திலோ, பல நாள் நடந்து கால் வெடித்து வரும் ஏழை யாத்திரீகருக்கே இடம் போதாது. விடுமுறைக்கு நடக்கிறவர்கள் அச்சமயத்தில் அங்கே போய் அறையைப் பிடித்துக்கொள்வது தர்மமாகாது.

தென்பாதிக்குத் தங்குமிடம் வேதாரண்யம். இதில் நமக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அகஸ்தியம்பள்ளி உப்பு ஸ்தூபி நடக்கும் தூரத்தில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் ரெயில் பாதை அகலப் பாதையாக்கப்பட்டு 2023-ல் மறுபடி திறக்கப்பட்டிருப்பதால் போக்குவரத்தும் இலகுவாகியிருக்கிறது. வேதாரண்யேசுவரர் கோயிலும், வேதரத்தினம் பிள்ளை 1946-ல் ஸ்தாபித்த கஸ்தூர்பா காந்தி கன்னிகா குருகுலமும் ஊரிலேயே உள்ளன. ஊரிலுள்ள லாட்ஜுகள் ஆடம்பரமற்றவை. அதுவே அவற்றின் சிறப்பு. வடக்கே புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் முதலிய கிராமங்களுக்கு ஒரு நாள். ஆறுகாட்டுத்துறை வழியாகக் கோடிக்கரைக்கு ஒரு நாள். உப்பளங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம்.

உப்பளத்தைப் பார்க்க விடியுமுன் போகவேண்டும். வெயில் ஏறிய பிறகு போகிறவன் வெள்ளைக் குவியலைக் காண்பான். உப்பு விளைவிக்கும் மனிதரைக் காணமாட்டான். உப்பு நீரில் நின்று நின்று வெடித்த பாதங்களோடு, வெண்மையின் கூச்சத்தில் கண் சுருக்கி, ஆணும் பெண்ணும் பாத்தியில் உப்பு வாரும் காட்சியைக் கண்டவனுக்கு, 1930-ல் தொடங்கிய காரியம் 1947-ல் முடிந்துவிடவில்லை என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். உப்பு வரி போய்விட்டது. உப்பு வாருகிறவருடைய வறுமை போய்விட்டதா? இக்கேள்வியைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறவனே வேதாரண்யத்துக்குப் போய் வந்தவன்.

கோடிக்கரையிலேயே தங்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலர். அது 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். வெளிமானும், குளிர் காலத்தில் பூநாரை முதலிய நீர்ப் பறவைகளும் அங்கே வாழ்கின்றன. வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் வழியில் நடந்து, மாலையில் வேதாரண்யம் திரும்புவதே உசிதம். காட்டின் ஓரத்தில் கூடாரம் அடிப்பதும், இரவில் கடற்கரையில் விளக்கெரித்துக் கும்மாளம் போடுவதும் வேண்டாம். தை முதல் பங்குனி வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வெளிச்சம் அவற்றை வழி தப்பச் செய்யும். மனிதன் விடுமுறை கொண்டாடுவதற்காக ஆமை தன் சந்ததியை இழக்கவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

தினம் ஒரு ஊரில் படுத்து எழுந்து மூட்டையோடு நகருவதைவிட, இவ்விதம் இரண்டே இடங்களில் மும்மூன்று இரவு தங்குவதை நாம் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. முதல் நாள் நீங்கள் அந்நியர். இரண்டாம் நாள் டீக்கடைக்காரர் பெயர் கேட்பார். மூன்றாம் நாள் அவர் தம் குறையைச் சொல்வார். அந்த மூன்றாம் நாளுக்காகத்தான் போகவேண்டும். ஒரே இரவு தங்கிப் புறப்படுகிறவனுக்குப் படுக்கையை உதறும் வேலைதான் வீட்டுக்காரருக்கு மிச்சம். சிநேகமும் இல்லை, சம்பாத்தியமும் இல்லை.

இனி, நாம் ஊருக்குள் தங்குங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவதன் பெரிய காரணத்துக்கு வருவோம். சுனாமிக்குப் பின் கடலோரத்து ஏழைகளை நோக்கி எல்லோரும் ஒரே உபதேசத்தைச் செய்தார்கள்: “உள்ளே தள்ளிப் போங்கள்.” கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்களுக்கு உட்புறத்தில் புது வீடுகள் கட்டித் தரப்பட்டன. உயிருக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு. நோக்கத்தில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் படகையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு ஒரு மீனவர் எவ்வளவு தூரம் உள்ளே போய் வசிக்க முடியும்? கடலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர் அவர். அவர் காலி செய்த கரையில் நாளை யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்பதுதான் விஷயம். ஆபத்து என்று மீனவரை விலக்கிய கரையில், அழகு என்று பணக்காரர் மாளிகை எழும்புமானால், அதை நியாயமென்று ஒப்ப முடியுமா? 1991-லிருந்து கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன, 2011-ல் திருத்தப்பட்டது, 2019-ல் மறுபடி திருத்தப்பட்டு, ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கூடாத எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. இதனால் மீனவர் வீட்டுக்குச் சௌகரியம் பிறக்குமா, வெளியார் விடுதிக்கா என்பதை விதி மட்டும் தீர்மானிக்காது. அங்கே போய்ப் பணம் செலவழிக்கும் ஒவ்வொருவரும் தீர்மானிக்கிறார்கள்.

உதாரணமாக, ஒருவர் மதிலுக்குள் இருக்கும் உல்லாச விடுதியில் தங்கினால் அவருடைய பணத்தில் பெரும் பகுதி வந்த வழியே பட்டணம் திரும்புகிறது. கிராமத்துக்குக் கிடைப்பது அவர் வீசியெறிந்த பிளாஸ்டிக் குப்பி. கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் வேலி எழும்பினால் வலை தூக்கிப் போகும் பெண்ணுக்கு அரைமைல் சுற்று. மாறாக, ஊருக்குள் ஒரு குடும்பம் நடத்தும் அறையில் அவர் தங்கினால், அறை வாடகை வீட்டுக்கு, மீன் விலை அதை விற்கும் அம்மாளுக்கு, டீக்காசு பெட்டிக்கடைக்கு என்று அந்தப் பணம் நாலு வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை கிழக்குக் கரையில் அமலில் இருக்கிறது. மீன் பெருகுவதற்கு அது அவசியம். ஆனால் அந்த அறுபத்தொரு நாளும் வயிறு தடையை அறியாது. அதிகாலையில் நடந்து வெயிலில் ஓய்ந்திருக்கக்கூடிய திடகாத்திரர்கள் சிலர் அக்காலத்தில் சென்று தங்கினால் அது பெரிய உபகாரம்.

இங்கே நம் வாசகர்களிடம் ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேசவேண்டியிருக்கிறது. படித்தவர்கள், தேச சேவகர்கள் என்று பெயர் பெற்றவர்களிலும் பலர் மீனவர் தெருவில் தங்கத் தயங்குகிறார்கள். சுத்தம், நாற்றம், கக்கூஸ் வசதி என்று காரணம் சொல்கிறார்கள். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால், அந்தக் காரணங்களுக்கு அடியில் ஜாதி ஒளிந்துகொண்டிருப்பதைப் பலர் காண்பார்கள். வேதாரண்ய யாத்திரையின் தொண்டர்கள் வழியெல்லாம் கதரைப் பற்றிப் பேசியதோடு தீண்டாமையை எதிர்த்தும் பிரசாரம் செய்தார்கள். அந்த வழியில் நடந்து பார்க்கிறோம் என்று பெருமை பேசிக்கொண்டு, அதே வழியில் ஒரு கை மோரை வாங்கிக் குடிக்க ஜாதி பார்க்கிறவன், நடக்காமல் வீட்டிலேயே இருப்பது நலம். மரக்கறி உண்பவர் மீன் உண்ணவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. “எனக்குச் சோறும் ரசமும் போதும்” என்று அன்போடு சொன்னால் எந்த வீட்டு அம்மாளும் மனங்கோணமாட்டார். முகத்தைச் சுளித்தால்தான் கோணும்.

விருந்தினருக்கு உரிமையைவிடக் கடமை அதிகம். இதை மறந்த விருந்தினரால் ஊர் கெடும். எனவே சில காரியங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அழையாத வீட்டுத் திண்ணையில் போய் உட்காரக் கூடாது. மீனவக் கிராமத்தில் தங்க விரும்புகிறவர்கள் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு விஷயத்தைச் சொல்லவேண்டும். அவர்கள் வேண்டாமென்றால் பக்கத்து ஊர் லாட்ஜுக்குப் போய்விடவேண்டும். வாடகையை முன்னாலேயே பேசி, பேசியதைக் குறையாமல் கொடுக்கவேண்டும். அன்புக்காக வாங்க மறுப்பவர்களுக்கு, அவர்கள் மனம் நோகாதபடி வேறு வழியில் திருப்பிச் செய்யவேண்டும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் அருமை. ஒரு குடம் தண்ணீருக்கு அந்த வீட்டுப் பெண் எவ்வளவு தூரம் நடந்தாள் என்பதை எண்ணிக் குளிக்கவேண்டும். கரையில் உலரும் வலையை மிதிக்கக் கூடாது. மதுப் புட்டியோடு போகக் கூடாது. துயரப்பட்ட வீட்டில் சுனாமிக் கதையைக் கிளறிக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் தலை குனிந்து கேட்கவேண்டும்.

சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் செய்யவேண்டியதும் உண்டு. வீட்டில் விருந்தினரை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பதிவு செய்துகொள்ளும் திட்டங்கள் காகிதத்தில் இருக்கின்றன. அவை மாடி வீட்டுக்காரருக்கு மட்டும் பயன்படும் திட்டங்களாக நின்றுவிடக் கூடாது. ஓர் அறையும் ஒரு நல்ல கக்கூஸும் கட்டிக்கொள்ள மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால், உல்லாச விடுதிகளுக்கு விரித்துக் கொடுக்கும் சலுகைகளில் ஒரு சிறு பங்குகூடச் செலவாகாது. கழிமுகங்களைத் தாண்டும் இடத்தில் எச்சரிக்கைப் பலகையும், வழி காட்ட ஊர் வாலிபருக்குக் கூலியும் ஏற்படுத்தலாம். கரைக்குச் செல்லும் பொதுப்பாதைகளை எவர் அடைத்தாலும் தயவு தாட்சண்யமின்றித் திறந்துவிடவேண்டும்.

“விடுமுறைக்குப் போகிறவன் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா? ஓய்வுக்காகத்தானே போகிறோம்?” என்று சிலர் கேட்பார்கள். ஓய்வை நாம் வெறுக்கவில்லை. கடற்காற்றும், பனங்கிழங்கும், சூடாக வறுத்த மீனும், நடந்து களைத்த உடம்புக்கு வரும் தூக்கமும் எவரும் அனுபவிக்கவேண்டிய சுகங்களே. நாம் சொல்வது ஒன்றுதான். அந்தத் தூக்கத்தை எங்கே தூங்குவது என்பதில் நமக்குத் தெரிவு இருக்கிறது. 1930-ல் அந்தக் கரையோர மக்களுக்கும் தெரிவு இருந்தது. கதவைச் சாத்தினால் நிம்மதி. திறந்தால் ஆறு மாதம் சிறை. அவர்கள் திறந்தார்கள்.

அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் அதே கரையில் இருக்கிறார்கள். அவர்கள் கதவைத் திறந்தால் இன்று எந்தக் கலெக்டரும் சிறைக்கு அனுப்பமாட்டார். தட்டுவதற்குத்தான் ஆளில்லை. மார்கழியில் புறப்படும் நண்பர்கள் தரங்கம்பாடியில் மூன்று இரவும் வேதாரண்யத்தில் மூன்று இரவும் ஊருக்குள்ளே தங்கி வரட்டும்; வந்து, நடந்த தூரத்தை நமக்கு எழுதவேண்டாம், தங்கிய வீட்டாரின் க்ஷேமத்தை எழுதட்டும்.